ரைட் திருப்பித் தரும் எண்: நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய சி துண்டு ஒன்றை எழுதிப் பகிர்வது எப்படி

சி மொழியில் ஒரு பஃபரை (நினைவகத்தில் தரவு வைத்திருக்கும் இடம்) கோப்பில் எழுதுவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் துண்டு நிரல்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும்: ஓபன், ரைட், க்ளோஸ், முடிந்தது. ரைட் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது, அதை யாரும் வாங்கி வைப்பதில்லை. உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தால் ஓடும், நூறு முறை ஓட்டினாலும் ஓடும், அதனால்தான் இந்தத் தப்பு இத்தனை பேர் கையில் இத்தனை காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எடுத்துப் போனவரின் வட்டு ஒரு நாள் நிரம்பும்போதுதான் வெளியே வரும்.

இப்படி ஒரு சின்னத் துண்டை முழுசாக எழுதி, சோதித்து, அடுத்தவர் கையில் கொடுக்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். லினக்ஸை மனதில் வைத்துப் பேசுகிறேன். நிரலை வரிவரியாக ஒட்டாமல் வார்த்தையில் சொல்கிறேன், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பதினைந்து இருபது வரிதான். கையால் அடித்தால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும், ஒட்டினால் தோன்றாது.

ரைட் உண்மையில் என்ன செய்கிறது

"இந்த முகவரியில் இருந்து இத்தனை பைட்டை இந்த எண்ணுள்ள கோப்பில் போடு" என்று கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேட்கிறோம். கெர்னல் தன்னால் முடிந்ததைப் போட்டுவிட்டு, எத்தனை போட்டது என்று சொல்கிறது. 1000 கேட்டு 1000 வரலாம், 1000 கேட்டு 300 வரலாம், இரண்டுமே வெற்றிதான். தோல்வி என்றால் -1, காரணம் எர்நோவில் (கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் மாறி) இருக்கும்.

குறைவாக எப்போது வரும்? வட்டில் 4096 பைட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, நீங்கள் 10000 கேட்கிறீர்கள் என்றால் 4096 என்று பதில் வரும். பிழை என்று சொல்லாது. அடுத்த முறை கேட்டால்தான் -1, எர்நோ 28, அதாவது இடமில்லை. பிளாக் ஆகாத (இடமில்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பும்) பைப்பிலோ சாக்கெட்டிலோ, அதாவது நிரல்கள் தங்களுக்குள் தரவு அனுப்பும் வழிகளில், இருக்கிற இடத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும் (லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் பிடிக்கும்). எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் (நிரலுக்குக் கெர்னல் அனுப்பும் குறுக்கீடு) வந்தாலும் பாதியில் திரும்பலாம். இது எதுவுமே இல்லாவிட்டாலும், லினக்ஸ் ஒரே ரைட்டில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் எழுதாது. 3 ஜிபி பஃபரை ஒரே அழைப்பில் எழுதி முடித்ததாக நினைத்துக்கொள்ளும் நிரல் ஒவ்வொன்றும் தவறுதான், வட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

சரி, இப்போது துண்டை எழுதுவோம்.

பெயர் ரைட்_ஆல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று உள்ளீடு: கோப்பு எண் (ஓபன் திருப்பித் தருவது), கான்ஸ்ட் வாய்ட் பாயின்டர், சைஸ்_டி வகையில் நீளம். எல்லாம் எழுதினால் 0, இல்லையென்றால் -1 திருப்பித் தரட்டும்.

உள்ளே முதல் வேலை, வாய்ட் பாயின்டரை கான்ஸ்ட் அன்சைன்ட் சார் பாயின்டராக வாங்கிக்கொள்வது. வாய்ட் பாயின்டரோடு எண்ணைக் கூட்டுவது தர நிர்ணயப்படி சி மொழியில் கிடையாது, ஜிசிசி கம்பைலர் தன் சொந்த நீட்டிப்பாக அனுமதிக்கிறது, அவ்வளவே. உங்கள் துண்டை வேறு கம்பைலரில் ஓட்டப்போகிறவரை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு வைல் லூப், மீதி 0-க்கு மேல் இருக்கும் வரை. உள்ளே ரைட்டை அழைத்து, பதிலை எஸ்சைஸ்_டி வகை மாறியில் வாங்குங்கள். இந்த வகைதான் பலர் சறுக்கும் இடம். முன்னால் ஒரு எஸ் இல்லாமல் வெறும் சைஸ்_டி போட்டால், அது குறியில்லாத எண். -1 அதற்குள் போனால் 64 பிட் கணினியில் 18446744073709551615 ஆகிவிடும். "0-க்குக் கீழே இருக்கிறதா" என்ற உங்கள் கேள்விக்கு எந்தக் காலத்திலும் ஆமாம் என்ற பதில் வராது, பிழை வந்தால் பாயின்டர் எங்கேயோ போய் நிற்கும். ஜிசிசியில் எச்சரிக்கை எல்லாவற்றையும் காட்டச் சொல்லும் "வால்" மட்டும் போட்டால் சி மொழியில் இதைச் சொல்லாது, கூடவே "எக்ஸ்ட்ரா"வும் போட வேண்டும். இரண்டையும் போடாமல் எந்தத் துண்டையும் வெளியே கொடுக்காதீர்கள்.

பதில் 0-க்குக் கீழே என்றால் எர்நோவைப் பாருங்கள். ஈஇன்டர் (எண் 4) என்றால் ஒரு பைட்கூட எழுதுவதற்கு முன் சிக்னல் குறுக்கிட்டிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை, லூப்பைத் தொடருங்கள். சில பைட் எழுதிய பிறகு சிக்னல் வந்திருந்தால் ஈஇன்டர் வராது, எழுதிய எண்ணிக்கைதான் வரும், அதை லூப் தானாகவே பார்த்துக்கொள்ளும். வேறு எந்தப் பிழையாக இருந்தாலும் -1 கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். இடையில் பிரின்ட்எஃப் போட்டு "பிழை" என்று அச்சடிக்கும் ஆசை வரும், வேண்டாம். பிரின்ட்எஃப் தானே உள்ளே சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) செய்கிறது, எர்நோவை அது மாற்றிவிடலாம், அழைத்தவர் பார்க்கும்போது வேறு காரணம் இருக்கும்.

பதில் 0 என்றால்? கேட்ட நீளம் 0-க்கு மேல் இருக்கும்போது இப்படி வருவது அபூர்வம். ஆனால் வந்தால் லூப் முடிவில்லாமல் சுற்றும். எர்நோவில் ஐஓ பிழை என்று (எண் 5) நீங்களே போட்டுவிட்டு -1 கொடுங்கள்.

மற்றபடி வந்த எண்ணைப் பாயின்டரில் கூட்டுங்கள், மீதியில் கழியுங்கள். லூப் முடிந்தால் 0. துண்டு இவ்வளவுதான்.

இதில் வேண்டுமென்றே விட்ட இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத் துண்டின் தலையில் குறிப்பாக எழுதியாக வேண்டும். ஒன்று, பிளாக் ஆகாத கோப்பு எண்ணுக்கு இது பொருந்தாது. அங்கே ஈஅகெய்ன் (எண் 11) வரும், அதற்கு போல் என்ற சிஸ்டம் காலை வைத்துக் காத்திருக்க வேண்டும், அது வேறு துண்டு. ஈஅகெய்ன் வந்தாலும் தொடரட்டும் என்று இந்த லூப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எதிர்ப்பக்கம் படித்து முடிக்கும் வரை உங்கள் நிரல் சிபியுவின் ஒரு கோரை முழுசாக விழுங்கிக்கொண்டு சும்மா சுற்றும். இரண்டாவது, பைப்பின் எதிர்ப்பக்கம் மூடப்பட்டிருந்தால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து நிரலையே கொன்றுவிடும், ரைட் -1 தரும் வரை நீங்கள் உயிரோடு இருக்க மாட்டீர்கள். அந்த சிக்னலைப் புறக்கணிக்கச் சொன்னால்தான் எர்நோ 32 கிடைக்கும். ஆனால் அதை ரைட்_ஆலுக்குள் செய்யக்கூடாது, ஏனென்றால் சிக்னல் ஏற்பாடு மொத்த நிரலுக்கும் பொதுவானது. அடுத்தவர் வீட்டுக்குக் கொடுக்கிற கருவி அந்த வீட்டு மின் இணைப்பை மாற்றி வைக்கலாமா?

இன்னொன்று, ஈஇன்டர் வந்தால் மறுபடி செய் என்று கற்றுக்கொண்டதும் க்ளோஸுக்கும் அதே லூப்பைப் போடத் தோன்றும். லினக்ஸில் அது ஆபத்து. க்ளோஸ் ஈஇன்டர் என்று சொன்னாலும் அந்தக் கோப்பு எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருக்கும். அந்த நொடியில் அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் புதிதாக ஒரு கோப்பைத் திறந்து அதே எண்ணை வாங்கியிருக்கலாம், நீங்கள் இரண்டாவது முறை மூடுவது அந்த த்ரெட்டின் கோப்பை. இது எப்போதோ ஒரு முறை வரும், வந்தால் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். க்ளோஸை ஒரே முறை அழையுங்கள், பிழை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி அழைக்காதீர்கள்.

பழைய கோப்பை இழக்காமல் புதியதை எழுதுவது

ரைட்_ஆல் கையில் இருந்தால் அடுத்து எல்லாருக்கும் தேவைப்படுவது இதுதான்: ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது, அதை மாற்றி எழுத வேண்டும், நடுவில் மின்சாரம் போனாலும் பழையதாவது புதியதாவது முழுசாக இருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சின்னக் கருவிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். அமைப்பைச் சேமிக்கும் பகுதியை நான்தான் எழுதினேன்: பழைய கோப்பை வெட்டித் திற, எழுது, மூடு. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் ஒரு கருவி எழுந்து வரவே மறுத்தது. திறந்து பார்த்தால் அமைப்புக் கோப்பு இருக்கிறது, அளவு 0 பைட். வெட்டித் திறந்த அந்தக் கணத்திலேயே பழையது போய்விட்டது, புதியது வட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கரண்ட் போய்விட்டது. அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அதே நிரல் மற்ற எல்லாக் கருவிகளிலும் இருந்தது.

சரியான வழி இப்படி. கோப்பு இருக்கும் அதே அடைவில் எம்கேஸ்டெம்ப் கொண்டு ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குங்கள். அதே அடைவு என்பது முக்கியம். டெம்ப் அடைவில் உருவாக்கினால் அது வேறு ஃபைல் சிஸ்டமாக (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) இருக்கலாம், அப்போது பெயர் மாற்றும் ரீநேம் எர்நோ 18 கொடுத்து மறுத்துவிடும். எம்கேஸ்டெம்ப் 0600 அனுமதியோடுதான் உருவாக்கும், அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். பழைய கோப்பை மற்றவர்களும் படிக்கும்படி வைத்திருந்தால் எஃப்சிஎச்மோட் போட்டு அதே அனுமதியைக் கொடுக்க வேண்டும். இதை மறந்த துண்டுகள்தான் அதிகம், சேமித்த மறுநிமிடம் வேறொரு சேவை "அனுமதி இல்லை" என்று நின்றுபோகும்.

அப்புறம் ரைட்_ஆல். அப்புறம் எஃப்சிங்க். ரைட் வெற்றி என்றால் தரவு கெர்னலின் நினைவகத்துக்குப் போய்விட்டது என்றுதான் பொருள், வட்டுக்குப் போனது என்று பொருள் இல்லை. எஃப்சிங்க்தான் அதை உறுதிசெய்யும். அப்புறம் க்ளோஸ், அதன் பதிலையும் பாருங்கள். அப்புறம் ரீநேம், தற்காலிகப் பெயரில் இருந்து உண்மைப் பெயருக்கு. இது ஒரே வீச்சில் நடக்கும், வெளியில் இருந்து பார்ப்பவருக்குப் பழைய கோப்பு அல்லது புதிய கோப்பு, பாதி என்ற நிலை தெரியாது. கடைசியாக அந்த அடைவையே படிக்க மட்டும் திறந்து, அதன் எண்ணுக்கும் ஒரு எஃப்சிங்க். பெயர் மாற்றம் அடைவுக்குள் நடந்தது, அதுவும் வட்டில் பதிய வேண்டுமே.

எந்தப் படியில் தவறினாலும் தற்காலிகக் கோப்பை அன்லிங்க் செய்துவிட்டு -1 கொடுங்கள். அன்லிங்கும் எர்நோவை மாற்றலாம், அதனால் முதலில் எர்நோவை ஒரு மாறியில் எடுத்து வைத்து, பிறகு திரும்ப வையுங்கள். இன்னொரு குறிப்பும் தலையில் வர வேண்டும்: உண்மைப் பெயர் ஒரு சிம்லிங்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) இருந்தால், ரீநேம் அந்த லிங்கையே தூக்கிவிட்டுக் கோப்பை அங்கே வைக்கும், லிங்க் சுட்டிய கோப்பு பழையபடியே கிடக்கும்.

ரீநேம் போதாதா, எஃப்சிங்க் மெதுவாக இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். 2009இல் உபுண்டு 9.04 சோதனைப் பதிப்பில் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதுதான் நடந்தது. கணினி திடீரென நின்று எழுந்தால் அமைப்புக் கோப்புகள் 0 பைட்டாகக் கிடந்தன. பழைய இஎக்ஸ்டி3 வழக்கமாக 5 நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வட்டில் பதித்துவிடும். இஎக்ஸ்டி4 தரவுக்கு இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது, அதனால் பெயர் மாற்றம் முதலில் வட்டுக்குப் போய்த் தரவு பின்னால் போக நேர்ந்தது. இஎக்ஸ்டி4 பராமரிப்பாளரான டெட் சோ, எஃப்சிங்க் செய்யாத நிரலுக்கு போசிக்ஸ் தரநிலை எந்த உறுதியும் தரவில்லை என்று விளக்கினார், கூடவே ரீநேம் செய்யும்போது தரவையும் உடனே தள்ளும்படி கெர்னலிலும் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தை நம்பி எஃப்சிங்கை விட்டுவிடாதீர்கள், உங்கள் துண்டு எந்த ஃபைல் சிஸ்டத்தில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. மேக்கில் எஃப்சிங்க்கூட வட்டின் உள் கேஷை (தற்காலிகச் சேமிப்பு) காலி செய்வதில்லை, அங்கே எஃப்சிஎன்டிஎல் வழியாக ஃபுல் எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

எஃப்சிங்க் தவறினால் மறுபடி எஃப்சிங்க் செய்யலாமா? கூடாது. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் இதைப் பெரிய அதிர்ச்சியோடுதான் தெரிந்துகொண்டார்கள். வட்டில் எழுதுவது தவறும்போது லினக்ஸ் அந்தப் பிழையை ஒரு முறை சொல்லிவிட்டு, நினைவகத்தில் உள்ள அந்தப் பக்கத்தை "சுத்தம்" என்று குறித்துவிடும். அடுத்த எஃப்சிங்குக்கு எழுதவேண்டியது ஒன்றுமில்லை, அதனால் வெற்றி என்று பதில் வரும், தரவு எங்குமே இல்லை. அதற்குப் பிறகு போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தவறினால் மறுமுயற்சி செய்யாமல் தன்னையே நிறுத்திக்கொண்டு பதிவேட்டில் இருந்து மீள்வதாக மாற்றப்பட்டது. நம் சின்னத் துண்டுக்கு அது எளிது: தற்காலிகக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பிழை என்று சொல்வது, உண்மைக் கோப்பை இன்னும் நாம் தொடவே இல்லை.

படிக்கும்போது தமிழ் உடைவது

எழுதுவதைப் போலவே ரீடும் கேட்டதைவிடக் குறைவாகத் தரலாம், 0 வந்தால்தான் கோப்பு முடிந்தது. இதில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த துண்டுகள் நம்மிடம் வந்ததும் உடைவது இங்கேதான்.

எழுத்துகளைப் பைட்டாகப் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, ஆக 15 பைட், பைட்டை எண்ணும் ஸ்ட்ர்லென்னைக் கேட்டால் 15 என்றுதான் சொல்லும். இப்போது இடைவெளிகூட இல்லாத தமிழ் உரையை 4096 பைட் பஃபரில் படியுங்கள். 1365 குறிகளுக்கு 4095 பைட் போய், ஒரு பைட் மிஞ்சும். அது அடுத்த குறியின் முதல் பைட், மற்ற இரண்டும் அடுத்த ரீடில் வரும். பஃபருக்குப் பஃபர் தனித்தனியாக உரையாக மாற்றினால் மூன்றில் இரண்டு எல்லைகளில் கேள்விக்குறிக் கட்டம் விழும். ஆங்கிலக் கோப்பில் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

இதற்கான துண்டும் சின்னதுதான். பஃபரின் கடைசியில் இருந்து பின்னால் வாருங்கள். 128 முதல் 191 வரை உள்ள பைட் எல்லாம் தொடர்ச்சி பைட், தாண்டுங்கள், மூன்றுக்கு மேல் தாண்டத் தேவை வராது. நிற்கும் இடத்தில் உள்ளது தலைப் பைட். அது 128-க்குக் கீழ் என்றால் ஒரே பைட்டில் முடிவது, 192 முதல் 223 வரை என்றால் 2, 224 முதல் 239 வரை என்றால் 3, அதற்கு மேல் 247 வரை 4. தமிழின் தலைப் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. தலைப் பைட் சொல்லும் நீளம் பஃபருக்குள் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒன்றிரண்டு பைட்டை மெம்மூவ் கொண்டு பஃபரின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அடுத்த ரீடை அதற்குப் பின்னால் இருந்து நிரப்பச் சொல்லுங்கள். கோப்பு முடிந்த பிறகும் பைட் மிஞ்சினால் கோப்பே பழுது, அதைப் பிழையாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

பஃபரின் வகை அன்சைன்ட் சார் ஆக இருக்கட்டும். வெறும் சார் என்பது குறியுள்ளதா இல்லாததா என்பதை சி மொழி முடிவுசெய்யவில்லை. எக்ஸ்86 லினக்ஸில் அது குறியுள்ளது, அங்கே 224 என்பது -32 ஆகத் தெரியும், ஆர்ம் லினக்ஸில் குறியில்லாதது, 224 ஆகவே இருக்கும். மடிக்கணினியில் ஓடும் ஒப்பீடு ராஸ்பெரி பையில் வேறு பதில் தருவதற்கு இதுதான் காரணம், அல்லது தலைகீழாக.

குறி உடையவில்லை என்பதால் எழுத்து உடையவில்லை என்று ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மி" என்பது ம-வும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட், பஃபர் எல்லை இரண்டுக்கும் நடுவில் விழலாம். வந்ததை அப்படியே அடுத்த இடத்துக்கு அனுப்பும் நிரலுக்கு அது பாதிப்பில்லை. இருபது எழுத்தோடு வெட்டிக் காட்ட வேண்டும் என்றால் இந்தத் துண்டு போதாது, அதற்கு எழுத்துக் கூட்டங்களை அறிந்த நூலகம் தேவை.

உடைத்துப் பார்ப்பது

இயல்பாக ஓட்டினால் இந்தப் பிழைகள் வெளிவராது, வரவழைக்க வேண்டும். லினக்ஸில் டெவ் அடைவுக்குள் ஃபுல் என்ற ஒரு கருவிக் கோப்பு இருக்கிறது. திறக்க விடும், எழுதப் போனால் எப்போதும் இடமில்லை என்று எர்நோ 28 தரும். உங்கள் நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். எல்லாம் நன்றாக முடிந்தது போல 0 கொடுத்து வெளியேறினால் எங்கோ ஒரு பதிலை வாங்காமல் விட்டிருக்கிறீர்கள். பத்து நொடி வேலை.

பகுதி எழுதுதலைச் சோதிக்க நான் செய்வது, ரைட்டுக்குப் பதிலாக ஒரு போலி ரைட்டைச் சோதனையில் மட்டும் இணைப்பது. அது கேட்ட நீளத்தை 1 முதல் 7 பைட்டாகக் குறைத்துக்கொண்டு உண்மை ரைட்டை அழைக்கும், மூன்றாவது அழைப்புதோறும் ஈஇன்டர் என்று பொய் சொல்லும். நீளம் 0, 1, 4095, 4096, 4097 என்று கொடுத்து எழுதி, திரும்பப் படித்து, பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். விளிம்பில்தான் தப்பு இருக்கும், நடுவில் இருக்காது. நிரலைத் தொடாமலே செய்ய வேண்டும் என்றால் சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் ஸ்ட்ரேஸ் கருவியில் இன்ஜெக்ட் வசதி இருக்கிறது, குறிப்பிட்ட சிஸ்டம் காலுக்கு, இத்தனையாவது முறை, இந்தப் பிழை என்று சொல்லலாம். நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் சானிடைசரையும் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள், ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலரிலும் உண்டு.

கையில் கொடுப்பது

படமாகப் பகிராதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள நிரலைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

தேவையான ஹெடர் எல்லாம் சேர்த்து, அப்படியே ஒட்டினால் கம்பைல் ஆக வேண்டும். சி11 என்று கறாராகக் கேட்டுக் கம்பைல் செய்பவரிடம் எம்கேஸ்டெம்ப், எஃப்சிங்க் போன்றவை ஹெடரில் தெரியாது, முதல் ஹெடருக்கு முன்னால் போசிக்ஸ் பதிப்பு மேக்ரோவை 200809 என்று வரையறுக்க வேண்டும். "எனக்கு வேலை செய்கிறது, உங்களுக்கு ஏன் செய்யவில்லை" என்ற பேச்சில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருவது.

துண்டின் தலையில் ஐந்தாறு வரிக் குறிப்பு எழுதுங்கள்: என்ன செய்யும், எதைத் திருப்பித் தரும், எர்நோ யார் பொறுப்பு, எதற்குப் பொருந்தாது, எந்தக் கம்பைலரில் எந்தக் கணினியில் சோதித்தேன், தேதி. தமிழில் எழுதலாம், எழுத வேண்டும் என்பதே என் விருப்பம், கருத்துரைக்குள் யூடிஎஃப்-8 இருப்பதில் ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் எந்தச் சிரமமும் இல்லை. 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் மாறிப் பெயர்களையே நேரடியாக யூடிஎஃப்-8இல் எழுத முடிகிறது. ஆனாலும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன், துண்டு போய்ச் சேரும் நிரல் யாருடையதாகவும் இருக்கலாம்.

உரிமம் ஒரு வரியாவது போடுங்கள். ஒன்றும் போடாவிட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை, எல்லா உரிமையும் உங்களுக்கே என்று பொருள், நிறுவனத்தில் வேலை செய்பவர் தொட மாட்டார். எம்ஐடி அல்லது சிசி0 போதும். எங்கிருந்தாவது எடுத்திருந்தால் அதன் உரிமம் கூடவே வரும்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவை சிசி பை-எஸ்ஏ, லினக்ஸ் கெர்னலில் உள்ளவை ஜிபிஎல் 2. கெர்னலில் இருந்து ஓர் அழகான மேக்ரோவை எடுத்து எம்ஐடி என்று போட்டுக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

தேதியும், அசல் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. பைட் எண்ணிக்கையைப் படிக்க எளிதாக, இத்தனை கேபி, இத்தனை எம்பி என்று மாற்றும் ஒரு ஜாவா துண்டு 2010இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வந்தது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, கிட்ஹப்பில் 6,000-க்கும் மேற்பட்ட திட்டங்களில் அது நகலாகி இருப்பதைக் கண்டது. 2019இல் அதை எழுதியவரே உட்கார்ந்து பார்த்தபோது தப்பு தெரிந்தது: 999,999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வருவதற்குப் பதில் 1000.0 கேபி என்று வந்தது. எண்ணை முழுமையாக்கும் (ரவுண்டிங்) இடத்தில் வந்த சறுக்கல். அவர் அதை வெளிப்படையாக எழுதினார், திருத்திய நிரலையும் கொடுத்தார், அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான நகல்களில் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தவர்கள் மட்டும்தானே திரும்பிவந்து பார்க்க முடியும். எடுப்பவராக இருந்தால் முகவரியை ஒட்டி வையுங்கள், கொடுப்பவராக இருந்தால் அதைக் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள், நகலோடு தானாகவே போகும்.

யாராவது தப்பைச் சுட்டிக்காட்டினால், முதலில் அந்தத் தப்பை வரவழைக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்து, அது தவறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு திருத்துங்கள். தலைக்குறிப்பில் பழைய தேதியை அழிக்காமல் கீழே புதிய தேதியும் என்ன மாறியது என்பதும் ஒரு வரி.

இதே கையோடு ரீட்_ஃபுல் என்று ஒன்று எழுதிப் பாருங்கள். கேட்ட நீளம் முழுசாக வரும் வரை படிக்க வேண்டும், ஈஇன்டர் பழையபடிதான், ஆனால் 0 வந்தால் அது பிழை இல்லை, கோப்பு முடிந்தது. அதனால் 0, -1 என்று இரண்டே பதில் இங்கே போதாது, எத்தனை பைட் வந்தது என்பதையே திருப்பித் தர வேண்டும். நடுவில் சில பைட் வந்த பிறகு உண்மையான பிழை வந்தால் வந்ததைச் சொல்வீர்களா, -1 சொல்வீர்களா? இரண்டுக்கும் நியாயம் உண்டு, ஒன்றை முடிவுசெய்து அதைத் தலைக்குறிப்பில் எழுதிவிட்டு லூப்பைத் தொடங்குங்கள்.